எங்கள் பிள்ளைகளின் பாடத்துக்குப் போட்ட பூட்டைத் திறங்கள்

போட்டித் தேர்வுக்கான இலவச வீடியோ வகுப்புகளை நடத்தும் அறக்கட்டளையின் பொறுப்பாளர்களுக்கு,

இந்த மாதம் முதல் தேதியிலிருந்து உங்கள் பாடங்கள் எங்கள் வாசகசாலையில் ஓடவில்லை. இணையம் இருக்கிறது. கணினி இருக்கிறது. படிக்க 23 பிள்ளைகள் இருக்கிறார்கள். பாடம் மட்டும் வரவில்லை. உங்களுக்கு மூன்று மின்னஞ்சல் எழுதினேன், உதவி எண்ணில் நான்கு முறை பேசினேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் எடுத்தார், புதிதாக ஒரு காரணம் சொன்னார். இனி தனியாக எழுதிப் பயனில்லை என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் குலசேகரம் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். மாலையில் ஊர் வாசகசாலையைத் திறந்து வைப்பது என் பொறுப்பு. எங்களிடம் ஏழு லேப்டாப்பும் ஒரு பழைய மேசைக் கணினியும் உள்ளன. லேப்டாப்புகள் ஏழும் 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்தவை. கல்லூரி முடித்து வேலைக்குப் போனவர்கள், வீட்டில் தூசி பிடித்துக் கிடப்பதற்குப் பதில் அடுத்தவர் படிக்கட்டும் என்று கொண்டுவந்து தந்தார்கள். பெரும்பாலானவற்றில் 2 ஜிபி ராம்தான். பேட்டரி போனவை, கீபோர்டில் இரண்டு எழுத்து உதிர்ந்தவை, மூடி திறக்கும் கீலில் கம்பி சுற்றியவை. ஒவ்வொன்றையும் கழற்றித் துடைத்து லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓட வைத்தது நான்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு.

“லினக்ஸ் எதற்கு, விண்டோஸ் போட வேண்டியதுதானே” என்று உங்கள் உதவி எண்ணில் கேட்டார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி ராம் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். எங்கள் லேப்டாப்புகளில் இரண்டும் கிடையாது. புதிதாக ஏழு வாங்க எங்களிடம் பணமும் கிடையாது. இந்தக் கணினிகள் இன்றும் பாதுகாப்பாக இயங்க முடிகிறதென்றால் அது லினக்ஸ் போன்ற, யாரும் எடுத்துத் திருத்திப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளால்தான்.

போன மாதம் வரைக்கும் எப்படிப் பார்த்தோம் என்று சொல்கிறேன். நீங்கள் கெடுத்தது என்ன என்பது அப்போதுதான் புரியும்.

உங்கள் தளத்தில் ஒவ்வொரு பாடத்தின் கீழும் இரண்டு இணைப்புகள் இருந்தன. ஒன்று பதிவிறக்க, ஒன்று நேரடியாகப் பார்க்க. நேரடி இணைப்பு ‘எம்3யு8’ என்று முடியும். அது ஒரு சின்ன உரைக் கோப்பு. பாடம் முழுவதும் சில நொடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கப்பட்டிருக்கும். எந்தத் துண்டு எங்கே இருக்கிறது, எந்தெந்தத் தரத்தில் கிடைக்கும் என்று அந்தப் பட்டியல் சொல்லும். 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த முறை இது. 2017இல் ஆர்.எஃப்.சி. 8216 என்ற பொது ஆவணமாகவும் வெளியானது. செய்முறை வெளிப்படையாக இருப்பதால் எந்த பிளேயரும் இதைப் படிக்கலாம். வி.எல்.சி. என்ற இலவச வீடியோ பிளேயரைத் திறந்து, நெட்வொர்க் ஸ்ட்ரீம் என்ற இடத்தில் இணைப்பை ஒட்டினால் பாடம் ஓடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட ஒரே நாளில் கற்றுக்கொண்டது. எங்கள் வாசகசாலையில் வி.எல்.சி. என்று யாரும் சொல்வதில்லை, அதன் படத்தை வைத்துக் ‘கூம்பு’ என்பார்கள். “அண்ணா, கூம்புல போடுங்க” என்ற குரல் ஐந்தரை மணிக்குக் கேட்கத் தொடங்கும்.

இங்கே மழை வேறு மாதிரி. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ரப்பர் மரம் கம்பி மேல் சாயும், கரண்டு போகும், இணையம் போகும், வரும். துண்டு துண்டாக வரும் பாடத்துக்கு இது பெரிய தடையே இல்லை. இணையம் நன்றாக இருக்கும்போது பிளேயர் முன்கூட்டியே சில துண்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளும், மோசமானால் தரத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் வழியில்லாத நாளுக்குத்தான் பதிவிறக்கம். இரவு கடை சாத்தும்போது மறுநாள் பாடத்தை மேசைக் கணினியில் இறக்கப் போட்டுவிட்டுப் போவேன். 360 தரத்தில் நொடிக்கு 500 கிலோபிட் அளவில் இருக்கும் உங்கள் ஒரு மணி நேரப் பாடம் சுமார் 225 எம்பி. மேசைக் கணினியில் ஜெல்லிஃபின் என்ற கட்டற்ற மென்பொருளை நிறுவியிருந்தேன். ஒருமுறை இறக்கிய பாடத்தை வாசகசாலையின் வைஃபை வழியே எல்லா லேப்டாப்பிலும், பிள்ளைகளின் போனிலும், இணையமே இல்லாமல் பார்க்கலாம். 23 பேரும் தனித்தனியாகப் பார்த்தால் 5 ஜிபிக்கு மேல் ஆகிற பாடம் 225 எம்பியில் முடிந்தது. நாங்கள் இப்படிச் செய்வது உங்களுக்குத் தெரியும். அனுமதி கேட்டு எழுதினோம், தாராளமாகச் செய்யுங்கள் என்று பதில் போட்டீர்கள். அந்தப் பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பேச்சிப்பாறைக்கு மேலே மலைக் குடியிருப்புகளிலிருந்து இரண்டு பிள்ளைகள் வருவார்கள். அங்கே பல இடத்தில் போனில் கோடே காட்டாது. சனிக்கிழமை வரும்போது 32 ஜிபி மெமரி கார்டு ஒன்று கொண்டுவருவார்கள். அதில் உங்கள் பாடம் நூறுக்கு மேல் பிடிக்கும். வாரம் முழுவதும் வீட்டில் வைத்து, போனில் இருக்கும் வி.எல்.சி.யில் பார்ப்பார்கள். அவர்களைப் பார்த்து அக்கம்பக்கத்தில் இன்னும் நாலு பேர் படிக்கத் தொடங்கினார்கள். உங்கள் பாடம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது உங்கள் கணக்கில் தெரிந்திருக்காது. இணையத்துக்கு வெளியே பார்க்கப்பட்ட பாடம் எந்தக் கணக்கிலும் வராது.

முதல் தேதி மாலை என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகும் ஒரு அண்ணனின் மகள் எங்கள் வாசகசாலையில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். 200 கேள்வி, மூன்று மணி நேரம், 300 மதிப்பெண். அதில் பாதி தமிழ். தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மறுபகுதியைத் திருத்தவே மாட்டார்கள். விடியற்காலை நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு அப்பாவோடு தோட்டத்துக்குப் போய்விட்டு வருவாள். அவர் வெட்டிக்கொண்டே போக, இவள் பின்னால் சிரட்டையைச் சரிசெய்து, ஒட்டுப்பாலைப் பிரித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு வருவாள். பகலில் ரப்பர் ஷீட்டு அடிக்கும் வேலை. மாலை ஐந்தரைக்கு வாசகசாலை. விரலில் ஒட்டியிருக்கும் பால் கறையோடுதான் கீபோர்டில் கை வைப்பாள். அன்றைக்கு இலக்கணத்தில் அவள் காத்திருந்த பாடம் வெளியாகும் நாள். இணைப்பை ஒட்டினாள், கூம்பு சிவப்பில் ஒரு பிழை காட்டியது. தளத்தை ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் திறந்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வந்தது: ‘உங்கள் இயங்குதளத்துக்கு ஆதரவு இல்லை. செயலியை நிறுவவும்.’ என்னைக் கூப்பிட்டாள். “அண்ணா, இது ஓடல்ல. என்ன செய்யியது?” நான் ஏழு லேப்டாப்பிலும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஏழிலும் அதே சாம்பல் பெட்டி. போனில் செயலியை இறக்கலாம் என்றால், அவள் வீட்டில் இருப்பது ஒரே போன், அதன் ஆண்ட்ராய்டு உங்கள் செயலி கேட்கும் பதிப்புக்குப் பழையது. ஏழரை வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு பழைய பாடத்தின் குறிப்பை எடுத்து எழுதத் தொடங்கினாள். நான் அவளுக்குச் சொல்ல ஒரு பதிலும் இல்லாமல் நின்றேன்.

இன்னொருவர் காது கேளாத தம்பி. அவருக்காக ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், உங்கள் பாடங்களில் 40க்கு வசனத் துணைவரி (சப்டைட்டில்) எழுதித் தந்திருக்கிறார். கேட்டுக் கேட்டு, நிறுத்தி நிறுத்தி, ஒரு மணி நேரப் பாடத்துக்கு இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து தட்டச்சு செய்தார். அந்த எஸ்.ஆர்.டி. கோப்பை வீடியோவின் பக்கத்தில் அதே பெயரில் வைத்துவிட்டால் வி.எல்.சி. தானாகவே எடுத்துக்காட்டும். எழுத்து முந்தினாலும் பிந்தினாலும் ஜி, எச் என்ற இரண்டு விசைகளைத் தட்டிச் சரிசெய்துகொள்ளலாம். உங்கள் புதிய பிளேயரில் வெளியிலிருந்து துணைவரி சேர்க்க வழியே இல்லை. நீங்களும் துணைவரி தருவதில்லை. அந்தத் தம்பிக்கு இந்த மாதத்திலிருந்து உங்கள் வகுப்பு என்பது வாய் அசைக்கும் ஒருவரின் படம் மட்டும்தான். ஆசிரியருக்கு வயது 70க்கு மேல். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

உங்கள் தரப்பில் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன்.

உதவி எண்ணில் ஒருவர், “வி.எல்.சி. இந்தியாவில் தடை செய்யப்பட்ட மென்பொருள், அதில் பார்ப்பது பாதுகாப்பில்லை” என்றார். இது தவறு. 2022 பிப்ரவரியில் அந்த மென்பொருளை வெளியிடும் வீடியோலேன் அமைப்பின் இணையதளம் இந்தியாவில் திறக்காமல் முடக்கப்பட்டது உண்மை. என்ன காரணம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷனின் உதவியோடு வீடியோலேன் அரசுக்குச் சட்ட அறிவிப்பு அனுப்பியது. நவம்பரில் முடக்கம் நீக்கப்பட்டது. முடக்கப்பட்டது தளம்தான், மென்பொருளைப் பயன்படுத்துவது அப்போதும் குற்றமில்லை, இப்போதும் இல்லை. பொது மக்களுக்குப் பதில் சொல்லும் இடத்தில் இருப்பவர் இப்படிச் சொன்னால், கேட்கிற பிள்ளை தன் போனிலிருந்து அதை அழித்துவிடும். ஒரு பிள்ளை அழித்தும் விட்டது.

அந்த மென்பொருளின் வரலாறே நாங்கள் செய்துகொண்டிருந்த காரியம்தான். 1996இல் பாரிசில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள், தங்கள் வளாகத்துக்குள் இருக்கும் நெட்வொர்க் வழியே வீடியோவை எல்லா அறைக்கும் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று தொடங்கினார்கள். வீடியோலேன் என்ற பெயரில் இருக்கும் ‘லேன்’ அந்த உள் நெட்வொர்க்தான். 2001 பிப்ரவரியில் அதை ஜி.பி.எல். உரிமத்தில் உலகத்துக்குக் கொடுத்தார்கள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் ஓட்டுக் கூரைக்குக் கீழே ஒரு மேசைக் கணினியிலிருந்து ஏழு லேப்டாப்புக்குப் பாடம் அனுப்பிக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த மாணவர்களை நேரில் தெரிந்த மாதிரி இருக்கும்.

இன்னொருவர், “லினக்ஸை யாரும் பயன்படுத்துவதில்லை, அதற்காகத் தனியாக வேலை செய்ய முடியாது” என்றார். களியக்காவிளை தாண்டினால் பாறசாலை. அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கணினியைத் தொடங்கினால் திரையில் வருவது லினக்ஸ்தான். கேரளப் பொதுப் பள்ளிகளுக்காக அந்த அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தனி லினக்ஸே தயாரித்துத் தருகிறது. 2020 ஜூன் 1ஆம் தேதி பள்ளி திறக்க முடியாமல் இருந்தபோது விக்டர்ஸ் என்ற கல்வித் தொலைக்காட்சி வழியே எல்லா வீட்டுக்கும் வகுப்பு கொண்டுபோனதும் அதே கைட். 1956 நவம்பர் 1 வரை நாமும் அவர்களும் ஒரே சீமையில் இருந்தவர்கள். 2011 கணக்கெடுப்பில் 91 விழுக்காட்டுக்கு மேல் எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது. அரை மணி நேர பஸ் தூரத்தில் ஒரு பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தோடு கிடைப்பது, இங்கே இருக்கும் பிள்ளைக்கு ‘ஆதரவு இல்லை’ என்றாவதை நான் ஏற்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் பழைய பாடக் கோப்பு ஒன்றை வி.எல்.சி.யில் திறந்து, கோப்பின் விவரங்களைப் பார்த்தேன். எந்த மென்பொருள் உருவாக்கியது என்ற இடத்தில் ‘எல்.ஏ.வி.எஃப்.’ என்றும் ஒரு எண்ணும் இருந்தன. அது எஃப்.எஃப்.எம்பெக் என்ற கட்டற்ற மென்பொருளின் முத்திரை. 2000ஆம் ஆண்டில் ஃபாப்ரீஸ் பெல்லார் தொடங்கியது. இன்று இணையத்தில் வீடியோ சம்பந்தப்பட்ட வேலை எதை எடுத்தாலும் எங்கோ ஒரு மூலையில் அது ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் செயலி ஓடும் ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பதும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல்தான். உலகம் முழுவதும் பலர் கூலி வாங்காமல் உழைத்துத் தந்த மென்பொருளால் பாடம் தயாரித்துவிட்டு, அதே மென்பொருளால் பாடம் பார்க்க வருகிறவர்களுக்குக் கதவை மூடுவது நியாயம்தானா? பொறுப்பில் இருப்பவர்கள் உட்கார்ந்து இதைப் பேச வேண்டும் என்று கேட்கிறேன்.

மூன்றாவது காரணம்தான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் பாடங்களை யாரோ டெலிகிராமில் காசுக்கு விற்றார்கள் என்றீர்கள். இலவசமாகக் கொடுத்ததை ஒருவன் விற்றுச் சம்பாதித்தால் கோபம் வரும், வர வேண்டும். எங்களுக்கும் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தில் நீங்கள் போட்ட பூட்டு அவனைத் தடுக்காது.

இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று உங்கள் குழுவுக்கு விற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். பாடத்தைக் குறியாக்கம் செய்து அனுப்புகிறார்கள். அதைத் திறக்கும் சாவி, உலாவிக்குள்ளோ போனுக்குள்ளோ இருக்கும் ஒரு மூடிய பகுதிக்கு மட்டும் கொடுக்கப்படும். கூகுளுக்கு வைட்வைன், மைக்ரோசாஃப்டுக்கு பிளேரெடி, ஆப்பிளுக்கு ஃபேர்பிளே என்று ஆளுக்கொரு பூட்டு உண்டு. உலாவிகளில் இதற்கு வழிவிடும் தரத்தை 2017 செப்டம்பரில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி குழு ஏற்றுக்கொண்டபோது, அதை எதிர்த்து இ.எஃப்.எஃப். என்ற இணைய உரிமை அமைப்பு அந்தக் குழுவிலிருந்தே விலகியது. அந்த வாதம் பெரியது, இங்கே வேண்டாம். விற்கிறவன் ஒரு போனில் பாடத்தை ஓடவிட்டு இன்னொரு போனில் அதைப் படம் பிடித்தால் எந்தப் பூட்டும் அவனை ஒன்றும் செய்யாது. அனுமதி கேட்டு, கடிதம் எழுதி, உங்கள் பெயரைச் சொல்லிப் பார்த்தவர்கள்தான் வெளியே நிற்கிறோம்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்கிறேன். பூட்டிய வீடியோ லினக்ஸில் ஓடவே ஓடாது என்பதும் உண்மையில்லை. லினக்ஸில் இருக்கும் ஃபயர்ஃபாக்ஸ் வைட்வைனை ஏற்கும். காசு வாங்கும் பெரிய சினிமாத் தளங்கள்கூட லினக்ஸ் கணினியில் ஓடுகின்றன, தரத்தைக் கொஞ்சம் குறைத்துக் காட்டுவார்கள், அவ்வளவுதான். உங்கள் தளம் அதற்கு முன்பே நிறுத்துகிறது. உலாவி தன்னை லினக்ஸ் என்று அறிமுகப்படுத்தியதும், பாடம் ஓடுமா ஓடாதா என்று பார்க்காமலே சாம்பல் பெட்டியைக் காட்டுகிறது. யாரோ ஒருவர் எழுதிய ஒரு சின்ன நிபந்தனை அது. காசு வாங்கிப் படம் காட்டுகிறவர்கள் திறந்து வைத்திருக்கும் கதவை, இலவசமாகப் பாடம் சொல்லும் நீங்கள் அடைத்திருக்கிறீர்கள்.

போனில் பார்க்க முடிகிறவர்களுக்கும் நிலைமை நன்றாக இல்லை. செயலியில் தரத்தைக் குறைக்க வழியில்லை. ஒரு மணி நேரப் பாடத்துக்கு 800 எம்பி அளவில் போகிறது என்று என் போனில் அளந்து பார்த்தேன். நாளுக்கு ஒன்றரை ஜிபி கிடைக்கும் பிள்ளை இரண்டு பாடம் முழுதாகப் பார்க்க முடியாது. ஒரு எண்ணுக்கு ஒரு கருவி என்று விதி வைத்திருக்கிறீர்கள். அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) வேலைக்குப் போகும் அம்மாவின் போனில் படிக்கிற பிள்ளை, அம்மா வேலை முடித்து வரும் வரை காத்திருக்க வேண்டும். அதே எண்ணில் வாசகசாலையில் நுழைந்தால் வீட்டுப் போனில் வெளியேற்றிவிடுகிறது. அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் படித்தால் யாராவது ஒருவர்தான் படிக்கலாம். வீட்டில் ஆளுக்கொரு போன் இருக்கும் என்று நினைத்து இந்த விதியை எழுதியவர் எங்கள் பக்கம் வந்ததில்லை.

மூடிய வழியை நம்பினால் என்ன ஆகும் என்பதைத் தொழிலில் நான் பார்த்திருக்கிறேன். ஃபிளாஷில் செய்த பாடக் குறுந்தகடுகளை ஒரு காலத்தில் பள்ளிகளுக்கு நானே நிறுவிக் கொடுத்தேன். அழகாக இருக்கும், படம் நகரும், கேள்வி கேட்கும். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. அந்தக் குறுந்தகடுகளில் இருந்த பாடங்கள் இன்று சாதாரணக் கணினி எதிலும் திறப்பதில்லை. அதே காலத்தில் ஓர் ஆசிரியர் கையடக்கக் கேமராவில் எடுத்து எம்.பி.4 ஆக மாற்றி வைத்த வகுப்பு இன்றும் எங்கள் மேசைக் கணினியில் ஓடுகிறது. நீங்கள் இப்போது வாங்கியிருக்கும் பூட்டுக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தச் சந்தா நின்றால், அந்தக் கம்பெனி நின்றால், உங்கள் ஆசிரியர்கள் தொண்டை வற்றப் பேசிய பாடங்களுக்கு என்ன கதி? அந்தப் பணம் எங்கள் மாவட்டத்து மக்கள் கொடுத்த நன்கொடை. வளைகுடாவில் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன்களும் அதில் கொடுத்திருக்கிறார்கள்.

அரசு அமைப்புகள் கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று இந்திய அரசு 2015இலேயே கொள்கை வெளியிட்டது. மின்னாளுகையில் திறந்த தரங்களைப் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கை அதற்கும் முன்பு, 2010இல் வந்தது. நீங்கள் அரசு இல்லை, அந்தக் கொள்கைகள் உங்களைக் கட்டாது. ஆனால் பொதுப் பணத்தில் பொது மக்களுக்காகச் செய்கிற காரியம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவை ஒரு அளவுகோல். உங்களிடம் அதைத்தான் கேட்கிறேன்.

என் கோரிக்கைகள் இவை.

முதலில், இயங்குதளத்தைப் பார்த்து நிறுத்தும் அந்த நிபந்தனையை உடனே எடுங்கள். இதற்குப் பணம் தேவையில்லை, குழுக் கூட்டம் தேவையில்லை, உங்கள் தளத்தைப் பராமரிப்பவர் ஒரு மணி நேரத்தில் செய்யக்கூடியது.

அடுத்து, இலவசப் பாடங்களுக்குப் பூட்டே வேண்டாம். பழைய எம்3யு8 இணைப்பையும் பதிவிறக்க இணைப்பையும் திரும்பக் கொடுங்கள். எந்த பிளேயரில் பார்ப்பது என்பதைப் பார்க்கிறவர் முடிவு செய்யட்டும். விற்பவர்களைத் தடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பாடத்திலும் திரையின் மூலையில் உங்கள் பெயரையும் ‘விற்பனைக்கு அல்ல’ என்ற வரியையும் பதியுங்கள். நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் எஃப்.எஃப்.எம்பெக்கே அதைச் செய்யும், நானே வந்து செய்து தருகிறேன். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அறிவியுங்கள். அப்போது விற்கிறவன்மேல் புகார் கொடுக்க உங்களுக்கு எழுத்தில் ஒரு பிடி இருக்கும், எங்களைப் போன்றவர்களுக்கு எழுத்தில் ஓர் அனுமதி இருக்கும்.

வாசகசாலைகளும் ஊர்ப்புற நூலகங்களும் பாடத்தின் ஒரு நகலைத் தங்கள் கணினியில் வைத்து, உள் நெட்வொர்க்கில் காட்டவும் மெமரி கார்டில் கொடுக்கவும் நீங்கள் முன்பு தந்த அனுமதியைத் திரும்பத் தாருங்கள். 360 தரத்தில் ஒரு பதிப்பும், ஒலி மட்டும் உள்ள ஒரு கோப்பும் எல்லாப் பாடத்துக்கும் இருக்கட்டும். ஷீட்டு அடிக்கும்போதும் மீன் கூடை ஏற்றி பஸ்சில் போகும்போதும் காதால் கேட்டே படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

துணைவரிக் கோப்புகளை ஏற்றுக்கொள்ளுங்கள். எங்கள் ஆசிரியர் எழுதிய 40 பாடத்தின் துணைவரிகளும் தயாராக இருக்கின்றன, காசில்லாமல் தருகிறோம். உங்கள் தளத்தில் பாடத்தின் அருகே அவற்றை வைத்தால் மாவட்டம் முழுக்கக் காது கேளாத பிள்ளைகளுக்குப் பயன்படும்.

ஒரு எண்ணுக்கு ஒரு கருவி என்ற விதியைக் குடும்பங்களுக்கும் வாசகசாலைகளுக்கும் தளர்த்துங்கள். வி.எல்.சி.யைப் பற்றித் தவறாகச் சொல்வதை நிறுத்தும்படி உதவி எண்ணில் இருப்பவர்களுக்கு எழுத்தில் அறிவுறுத்துங்கள்.

அடுத்த பாடத் தொகுதி தொடங்குவதற்கு முன், எவற்றைச் செய்வீர்கள், எவற்றைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று எழுத்தில் பதில் வேண்டும். முடிவெடுக்கும் முன் உங்களில் யாராவது ஒருவர் நேரில் வந்து பார்ப்பது நல்லது. குலசேகரம் ஜங்சனில் இறங்கி வாசகசாலை என்று கேட்டால் வழி காட்டுவார்கள். மாலை ஐந்து மணி முதல் ஒன்பது வரை திறந்திருக்கும். அந்தப் பிள்ளை ஐந்தரைக்கு வந்து, முதல் வரிசையில் ஜன்னலோரம் இருக்கும் லேப்டாப்பில் உட்கார்ந்திருப்பாள். உங்கள் இலக்கணப் பாடத்தின் பக்கத்தை அவள் தினமும் ஒருமுறை திறந்து பார்க்கிறாள்.

இப்படிக்கு,
வாசகசாலைப் பொறுப்பாளர்,
குலசேகரம் பகுதி, கன்னியாகுமரி மாவட்டம்